ராஹிலின் பச்சைப் பெடல்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஃபியூஸ் போனது என்னால்தான்.

ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. அதில் கிடார் ஆம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. டீ போடலாம் என்று கெட்டிலைச் சொருகினேன். தண்ணீர் கொதிக்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று, மறுநாள் கச்சேரிக்கான சட்டையைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியையும் சொருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம். சுவரோரம் நீலமாக ஒரு பொறி. தாராவி முழுக்க வெளிச்சமாக இருக்க, எங்கள் அறை மட்டும் இருண்டுபோனது. ஊர் மொத்தமும் இருண்டால் அரசாங்கத்தைத் திட்டலாம். நம் அறை மட்டும் இருண்டால் யாரைத் திட்டுவது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

"அண்ணே, ஒங்களுக்கும் கரண்டுக்கும் என்னண்ணே ஜென்மப் பகை?" இருட்டிலிருந்து இசக்கிப்பாண்டியின் குரல்.

அறை என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. கீழே தோல்பை தைக்கிற பட்டறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நாங்கள் ஒத்திகை பார்க்கும் மச்சு. எப்போதும் தோலும் ஒட்டுப்பசையும் கலந்த வாடை. தலைக்கு மேல் தகரம். ஜூலை மழை அதில் கொட்டும்போது இசக்கிப்பாண்டி வாசிக்கவே தேவையில்லை. அவன் எங்கள் குழுவில் டிரம் பேட் வாசிக்கிறவன், பகலில் டெம்போ ஓட்டுகிறவன்.

பாடுவது பரீஹா. முலுண்டில் ஆபீஸ் வேலை, சாயங்காலம் ஏழுக்கு மேல் எங்கள் வேலை. எங்கள் கிடார்காரன் ராஹிலின் தங்கை. ராஹில் போன வருஷம் இதே மழையில், ஓடும் ரயிலிலிருந்து விழுந்து போய்விட்டான். அதுவரைக்கும் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த நான், அபுதாஹிர், அவன் இடத்தில் கிடாரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கீபோர்டு வேலையை இப்போது ஒரு லேப்டாப் பார்க்கிறது. என்னைவிட ஒழுங்காகப் பார்க்கிறது என்று சொல்கிறார்கள்.

நாலாவது ஆள் கரீம் பாட்சா. செம்பூரில் ஆம்ப், மைக், பெடல் எல்லாம் ரிப்பேர் செய்கிற கடை. மறுநாள் எங்களுக்கு செம்பூரில்தான் கல்யாணக் கச்சேரி. ஆம்பைப் பார்க்க வந்த மனிதர், ஃபியூஸ் கட்டையைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நம்புகிறவர். "மணி என்ன பாய்?" என்றால், "மழ விடாது போலிருக்கு" என்பார். இப்போது ஸ்டூல்மேல் ஏறி, பென் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். ஆகையால் அந்தப் பதிலும் கிடையாது.

விளக்கு போவதற்கு முன் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது பெடல்களைப் பற்றி.

பெடல் என்றால் சைக்கிள் பெடல் இல்லை. கிடாரிலிருந்து ஆம்புக்குப் போகிற வழியில், காலடியில் உட்கார்ந்திருக்கும் சோப்புப் பெட்டி அளவு இரும்புப் பெட்டிகள். ஒன்றை மிதித்தால் சத்தம் கரகரக்கும், ஒன்றை மிதித்தால் அலையடிக்கும், ஒன்றை மிதித்தால் வாசித்ததே திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். ராஹில் ஒரு பிளைவுட் பலகை அறுத்து அதில் ஐந்து பெடல் வைத்திருந்தான். ஒவ்வொன்றின் கீழும் ஒரு டேப் ஒட்டி, அது எந்தச் சத்தத்துக்கு என்று எழுதியிருப்பான். தமிழ் வார்த்தைதான், ஆனால் இந்தி எழுத்தில். அவன் படித்த பள்ளிக்கூடம் அப்படி.

ஆரஞ்சு நிறம், டிஸ்டார்ஷன்: 'லாரி'. குத்துப்பாட்டின் முதல் அடிக்கு. நீலம், கோரஸ்: 'கல்யாண வீடு'. பன்னீர் தெளித்த மாதிரி சத்தம் பளபளக்கும். 'வா... வா...' என்று கத்துகிற வா பெடலுக்கு 'குழாயடி'. உண்மையிலேயே குடத்துக்குச் சண்டை போடுகிற குரல் அதில் வரும். வெள்ளை, ரிவெர்ப்: 'காலி டேங்க்'. மொட்டைமாடியில் காலியாய்க் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பாடிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெடலைத் தேர்ந்தெடுத்தான். கடைசியாக பச்சை, டிலே. எதிரொலி. அதன் கீழே அவன் எழுதியது: 'ரயில் போன பிறகு'.

"சத்தம் மொதல்ல காதுக்குள்ள இருக்கணும் மாப்ள. பொறவுதான் காலு எங்க போகணும்னு அதுக்கே தெரியும்" என்பான். ஒரு பெடல் வாங்க நாலு மணி நேரம் கடையில் உட்காருவான். கடைக்காரர் ஃபேனை அணைத்துப் பார்ப்பார். இவன் எழுந்திருக்க மாட்டான்.

நான் புதிதாக ஒரு டிலே பெடல் வாங்கி வந்திருந்தேன். பச்சையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாம் என்றேன். அதுதான் சண்டை.

"காக்கா, பச்ச நல்லாத்தானே பாடுது? எல்லாப் பெடலயும் விட அதுதான் நல்லா பாடுது. பொறவு எதுக்கு அத எடுக்கணும்ங்கிய?" என்று கேட்டாள் பரீஹா. எங்கள் பக்கம் மூத்தவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"பழசாயிட்டும்மா."

"நாளைக்கு அண்ணனோட சோலோவ அதுலதான் வாசிக்கணும். அத எடுத்தா நான் பாட மாட்டேன்."

அப்போதுதான் நான் எழுந்து போய்க் கெட்டிலைச் சொருகியது. மீதி உங்களுக்குத் தெரியும்.

இருட்டில் மூன்று பேர் சாக்குமேல் ஒட்டி உட்கார்ந்தோம். தகரத்தில் மழை. மேலே கரீம் பாட்சாவின் வாயிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம். பச்சைப் பெடலை ஏன் எடுக்கவேண்டும் என்று வெளிச்சத்தில் என்னால் சொல்ல முடியாது. இருட்டில் முடியும் என்று பட்டது. அதுவும், வேறு யாருக்கோ நடந்தது என்றால்.

"ஒரு கதை சொல்லவா?" என்றேன். "என் சிநேகிதன் ஒருத்தனோட மாமா மகனுக்கு நடந்தது."

"பேய்க் கதையாண்ணே?"

"கேட்டுட்டு நீயே சொல்லு."

மணி ஒன்றேகால். ராத்திரி. அம்பர்நாத் பக்கத்திலிருந்து வருகிற பைப்லைன் ரோடு...

உங்களுக்கும் தெரிந்த ரோடுதான். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர்க் குழாய்கள், மைல் கணக்கில். இன்னொரு பக்கம் புதர். நடுவில் விளக்கு இல்லாத நீளம் ஒன்று வரும். மழை வேறு. ஒரு வண்டி எதிரே வரவில்லை. ஒரு வண்டி பின்னாலும் இல்லை.

அந்த ஆள் — பெயர் வேண்டாம் — அன்றைக்குக் கச்சேரி முடித்துவிட்டு டெம்போவில் வருகிறான். கிடார்காரன். புதுக் கிடார்காரன். அவன் சிநேகிதன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவன் இடத்தில் இவன் வாசித்த முதல் கச்சேரி அது. சோக மெட்டு ஒன்றில், நடுவே சிநேகிதன் கட்டி வைத்த ஒரு சோலோ. மூன்றாவது வரியில் இவனுக்கு விரல் வழுக்கிவிட்டது. ஒரு சுரம். ஒரே ஒரு சுரம் தப்பு. ஜனங்களுக்குத் தெரியாது. அவர்கள் பிரியாணிப் பக்கம் திரும்பியாயிற்று. இவனுக்குத் தெரியும்.

டெம்போவின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. உள்ளே சாமான்கள். ஆம்ப், அதன் ஒயர் சுருட்டி மேலே கிடக்கிறது. கிடார் உறைக்குள். பெடல் பலகை அதன் பெட்டிக்குள், இரண்டு கொக்கியும் மாட்டி. எதிலும் கரண்டு இல்லை. எதிலிருந்தும் எதற்கும் ஒயர் இல்லை.

கூரையில் மழைச் சத்தம். வைப்பர் 'கிரீச்... கிரீச்...' என்கிறது.

அப்போது பின்னாலிருந்து...

ட்ங்.

ஒரு கம்பி. ஒரே ஒரு கம்பி. அப்புறம் அதுவே, கொஞ்சம் சின்னதாய். ட்ங்... அப்புறம் இன்னும் சின்னதாய். ட்ங்...

ஏதோ உருண்டு கிடார்மேல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். உருண்டு படுகிற சாமானுக்கு எதிரொலி எப்படி வரும் என்று நினைக்கவில்லை. நினைக்க இஷ்டமில்லை. ஓட்டுகிற ஆளைத் திரும்பிப் பார்த்தான். அந்தத் தடியன் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெள்ளையாய் முழிக்கிறான்...

"எந்தத் தடியன்?" என்றான் இசக்கிப்பாண்டி.

"கதையில வர்றவன்டா."

"அண்ணே. அம்பர்நாத், பைப்லைன் ரோடு, ஒன்னேகால் மணி. வைப்பர் கிரீச்சுங்குது. அது என் டெம்போண்ணே! நான் முழிச்சேன், சரி. தடியன்னு எதுக்குச் சொல்லுதிய?"

ஒரு கதையைப் பத்து நிமிஷம் மறைத்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை. இந்த லட்சணத்தில் ஒரு வருஷமாக ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன்.

பரீஹா அமைதியாகக் கேட்டாள். "அப்போ அந்த ஆளு நீங்க. செத்துப்போன சிநேகிதன் எங்க அண்ணன். சரிதான காக்கா?"

"சரிதாம்மா."

"நீயும் கேட்டியா?" என்று இசக்கியிடம் திரும்பினாள்.

"கேட்டேன். 'பின்னால யாருண்ணே வாசிக்கா?'ன்னு நான்தான் மொதல்ல கேட்டேன். பொறவு அதப்பத்திப் பேசவே இல்ல. காலையில வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுனேன். ரெண்டு."

"மிச்சத்தச் சொல்லுங்க காக்கா."

மேலே டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. கரீம் பாட்சாவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் சத்தமும் நின்றிருந்தது.

சொன்னேன். இந்தத் தடவை 'நான்' என்றே சொன்னேன்.

ட்ங் என்ற அந்தச் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு பின்னாலிருந்து ஒரு வாசம் வந்தது. கருகின பிளாஸ்டிக். அதோடு ரயில் பிரேக் போடும்போது பிளாட்பாரத்தில் அடிக்குமே, ஒரு சூடான இரும்பு வாசம்... அதுவும்.

பிறகு சோலோ ஆரம்பித்தது.

முழுதாக இல்லை. மூன்றாவது வரி மட்டும். நான் தப்பு செய்த வரி. அந்தச் சுரம் வருகிற இடம் வந்தது. சுரம் சரியாக விழுந்தது.

எதிரொலி என்றால் என்ன? நாம் வாசித்தது திரும்பி வருவது. இது நான் வாசிக்காதது. நான் வாசித்திருக்க வேண்டியது.

ஒரு நிறுத்தம். மறுபடி அதே வரி. இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக, மந்தமான பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. மறுபடி. இன்னும் மெதுவாக. எனக்குப் புரியும்வரை விடவில்லை. நான் எவ்வளவு மந்தம் என்று அவனுக்குத் தெரியும். பதினோரு தடவை.

திரும்பிப் பார்த்தேன். சின்னக் கண்ணாடி வழியாகப் பின்பக்கம் தெரியும். பெடல் பெட்டியின் மூடி இடுக்கில் ஒரு கோடாக சிவப்பு வெளிச்சம். பெடல் ஆனாகி இருந்தால் எரியுமே, அந்த வெளிச்சம். எந்தப் பெடல் என்று நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமில்லை.

"அன்னிலருந்து அப்பிடித்தாம்மா" என்றேன். "எல்லாக் கச்சேரியிலயும். நான் தப்பா வாசிச்சா பச்ச அத சரி பண்ணித் திருப்பி வாசிக்கும். ஜனங்க 'அபுதாஹிர் நல்லா தேறிட்டாப்ல'ங்கிறாங்க. தேறினது நான் இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. காலு அதுமேல வைக்கும்போதெல்லாம் யாரோட தோளயோ மிதிக்கிற மாதிரி இருக்கு."

பரீஹா கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒங்ககிட்ட எதுக்கு வரணும்? நான் கூடப்பொறந்தவ. எங்கிட்ட ஒரு நாள் வரல. கனவுல கூட வரல. ஒங்ககிட்ட மட்டும் அண்ணனுக்கு என்ன பாக்கி இருக்கு?"

கீழே பட்டறையில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். அடங்கியபிறகும் காத்திருந்தேன். அப்புறம் வேறு சாக்கு இல்லை.

"அவன் அன்னைக்கு ரயில்ல ஏறுனது என்னாலம்மா."

அதையும் சொல்லிவிட்டேன். பெடலுக்குக் கரண்டு கொடுக்கிற அடாப்டரும் கீபோர்டு அடாப்டரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒரே கறுப்பு, ஒரே முனை. ஆனால் உள்ளே நேர் எதிர். பெடலுக்கு நடுவில் மைனஸ் வேண்டும். என் கீபோர்டு அடாப்டரில் நடுவில் பிளஸ். அதற்கு வோல்ட்டும் அதிகம். மாற்றிச் சொருகினால் பெடல் கருகிவிடும். என் லட்சணம் தெரிந்து ராஹில் என் அடாப்டரில் ஒரு சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தான். ஒரு நாள் செருப்பு வார் அறுந்தபோது அந்த டேப்பை உரித்து வாரில் சுற்றிக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் இதே மச்சில், ராஹில் தொழப் போயிருந்த நேரம், கொஞ்சம் வாசித்துப் பார்ப்போமே என்று பச்சைப் பெடலில் அடாப்டரைச் சொருகினேன். எதை? டேப் இல்லாததை. இரண்டிலுமே டேப் இல்லை.

ஒரு சின்ன 'ப்ஸ்'. கருகின வாசம். அவ்வளவுதான்.

ஒயர்களை எல்லாம் பழையபடி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து விட்டேன். ராஹில் திரும்பி வந்தான். பச்சையை மிதித்தான். மறுபடி மிதித்தான். என்னைப் பார்த்தான். நான் தகரத்தைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "செம்பூர் போய் பாட்சா பாய்கிட்ட காட்டிட்டு வாறேன் மாப்ள" என்று ஏணியில் இறங்கினான். கொட்டுகிற மழை. வாசல்வரை கூட்டம் தொங்குகிற நேரம். குர்லாவில் வண்டி மாறினான். செம்பூர் போய்ச் சேரவில்லை.

"ஏழு அம்பத்திரெண்டு வண்டி" என்றாள் பரீஹா. குரலில் ஒன்றுமே இல்லை. "ஒம்பதரைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல அந்தப் பையை எங்கையில குடுத்தாங்க. நான்தான் தொறந்து பாத்தேன். டிபன் டப்பா, கொட, பச்சப் பெடல். ஒரு கீறல் இல்ல."

"அத நீ எங்கிட்ட குடுத்தம்மா. காதுல வச்சு ஆட்டிக்கூடப் பாக்காம பலகையில மாட்டிட்டேன். திறந்தா கருகுன இடம் தெரியும். தெரிஞ்சா யாரு வேலைன்னு தெரியும். கருகுனது எப்பிடிப் பாடுதுன்னு யோசிக்கவே பயந்தேன். கையில எடுக்கும்போது எடையே இல்லாத மாதிரி இருந்திச்சு. துக்கத்துல கை மரத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"அடாப்டர மாத்திச் சொருகுனது நீங்க."

"ஆமா."

"சொல்லாம இருந்தது நீங்க."

"ஆமா."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. இருட்டில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அழாதிய காக்கா" என்றாள். அதற்கப்புறம்தான் உறிஞ்சியது நான் என்று எனக்குத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்மா" என்றேன். "அவனுக்குத் தெரியுமா? என் வேலன்னு தெரிஞ்சு, எம்மேல கோவத்தோட போனானா? அதத்தான் ஒரு வருஷமா கேக்குறேன். அன்னைக்கு ராஹில் உங்களுக்கு ஒரு போனாவது பண்ணானா பாய்னு இவர்கிட்ட மூணு தடவ கேட்டேன். மொத தடவ டீ சொல்லவான்னாரு. அடுத்த தடவ சோல்டரிங் அயர்ன் வெல ஏறிட்டுன்னாரு. மூணாந்தடவ பெடலயே கொண்டுபோய், தொறந்து பாருங்க பாய்னு வச்சேன். 'நல்லாத்தான பாடுது, எதுக்குத் தொறக்க?'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. தொடக்கூட இல்ல. துணிய வச்சுத் தள்ளுனாரு."

ஸ்டூல் கிரீச்சிட்டது. கரீம் பாட்சா இறங்கினார். ஃபியூஸ் இன்னும் போடவில்லை. டார்ச்சை வாயிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பச்சய எடு தம்பி" என்றார். "நீயே தொற."

பெடலின் அடியில் நாலு ஸ்க்ரூ. மூன்றைத்தான் என்னால் கழற்ற முடிந்தது. நாலாவதை இசக்கிப்பாண்டி கழற்றினான். மூடி வந்தது. அவர் டார்ச்சை உள்ளே பிடித்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

சர்க்யூட் இல்லை. ஒயர் இல்லை. ஒரு திருகுகூட இல்லை. வெறும் இரும்புப் பெட்டி. எரிகிற சிவப்பு விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை மட்டும். அதன் வழியாக டார்ச் வெளிச்சம் ஊசிபோல வெளியேறி, பரீஹாவின் துப்பட்டாவில் ஒரு பொட்டாக விழுந்தது. ஒரு வருஷமாக அந்த ஓட்டையில் நான் சிவப்பைப் பார்த்திருக்கிறேன்.

"ஒயரு இந்தப் பக்கம் உள்ள போவுது, அந்தப் பக்கம் வெளிய வருது" என்றார் கரீம் பாட்சா. "நடுவுல ஒண்ணுமில்ல. எதிரொலிய விடு. ஒரு வருஷமா ஒங்கிடார்லருந்து ஒரு சத்தமே வந்திருக்கக் கூடாது."

அவர் சாமான் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே தீப்பெட்டி நீளத்தில் ஒரு சர்க்யூட். ஒரு மூலை கருகியிருந்தது. அதன்மேல் மாஸ்கிங் டேப். அவர் கடையில் எது வந்தாலும் அப்படித்தான். கொடுத்தவர் பெயர், என்ன கோளாறு, கொடுத்த நாள், கொடுத்த நேரம். அவர் கையாலேயே எழுதி ஒட்டுவார். எழுதியதில் பாதியை இப்போது கட்டைவிரலால் மறைத்திருந்தார்.

"ராஹில் கடைக்கு வந்தானா?" என்றேன்.

"வந்தான்."

"அவனுக்குத் தெரியுமா?"

நாங்கள் மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ இல்லை, மழை இல்லை, சோல்டரிங் அயர்ன் இல்லை. முதல்முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியும் தம்பி. 'தாஹிர் அடாப்டர உல்டாவா சொருகிட்டான் பாய், மூஞ்சியிலயே எழுதியிருக்கு'ன்னான். 'கேட்டா அழுதுருவான், அதான் கேக்கல'ன்னு சிரிச்சான். கோவம் ஒரு துளி இல்ல. 'சர்க்யூட்ட மட்டும் நீங்க வச்சுக்கிடுங்க, பெட்டிய நான் கொண்டுபோயி பலகையில வச்சிருதேன். எடம் காலியா கெடந்தா அவன் பாத்துப் பாத்து உருகிப்போவான்'னான்."

எனக்குள் ஒரு வருஷமாகப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டது. சிரித்தேன். அழுதேன். பரீஹா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இசக்கி, "ராஹிலு... ராஹிலு..." என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்?" என்றேன். "ஒரு வருஷம் பாய். ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த கேள்விய நீ கேப்ப."

"என்ன கேள்வி?"

மழை கொஞ்சம் வலுத்தது. என் முழங்கையில் பரீஹாவின் பிடி மெதுவாக இறுகியது. அவள்தான் முதலில் கணக்குப் போட்டிருக்கிறாள். ஏழு ஐம்பத்திரண்டு வண்டி. ஒன்பதரைக்கு அவள் கையில் பெட்டி.

"எத்தன மணிக்கு வந்தான் பாய்?" என்று கேட்டேன்.

கரீம் பாட்சா டேப்பிலிருந்து கட்டைவிரலை எடுத்தார். டார்ச்சை அதன்மேல் பிடித்தார். படிக்கவேண்டிய தேவை இல்லாமல் அவரே சொன்னார்.

"அன்னைக்கு ராத்திரிதான். பதினொண்ணே முக்கா. ஷட்டரப் பாதி எறக்கிட்டேன். வெளிய முழங்காலுக்குத் தண்ணி, கண்ணு தெரியாத மழ. குனிஞ்சு உள்ள வந்தான் தம்பி... அவன் சட்டையில ஒரு சொட்டு ஈரம் இல்ல."